நான்கு வோல்ட் எங்கே போனது?

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்து மல்டிமீட்டரை வெளியே எடுத்து, அதன் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் தனித்தனியாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு சால்டரிங் இரும்பு. பிறகு நான்கு சுருள் டேப். என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நண்பனுடைய மோட்டார் சைக்கிளில் லைட் சரியில்லை, அதைப் பழுதுபார்க்க வந்தேன் என்றேன். அதற்கா இந்தியாவிலிருந்து வந்தீர்கள் என்றார். அதற்குத்தான் என்றேன். அவர் பக்கத்து மேஜைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நஸீரும் நானும் கத்தாரில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர்கள். நான் வாகன எலெக்ட்ரீஷியன், அவன் பெயிண்டர். அறையில் இரண்டடுக்குக் கட்டில். மேலே அவன், கீழே நான். வெயிலில் வெளுத்த காரைக் கொண்டுவந்து நிறுத்தினால், மற்றவர்கள் கலர் அட்டையைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது அவன் கண்ணால் பார்த்தே பெயிண்ட் கலந்துவிடுவான். வெள்ளை அடி என்று போர்மேன் சொன்னால், எந்த வெள்ளை என்று திருப்பிக் கேட்டு அவரையே திணற வைப்பான். ஊர் திரும்பியதும் நான் நாகப்பட்டினத்தில் பேட்டரிக் கடை வைத்தேன். அவன் ஊர் சாய்ந்தமருது, கல்முனையை ஒட்டினாற்போல் இருப்பது. அங்கே மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் வியாபாரத்தில் இறங்கிவிட்டான்.

போன வருஷக் கடைசியில் அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "மச்சான், என்ட மோட்டசைக்கிள் சரியான கரைச்சல் குடுக்குது. ஒரு நாளைக்கு ஸ்டார்ட் வருது, ஒரு நாளைக்கு இல்ல. லைட்டும் காணாது. ஊர்ல இருக்கிற அஞ்சு வயரிங் பாஸும் பாத்துட்டானுகள். நீ ஒருக்கா வந்து பாரன்."

பாஸ் என்று அவர்கள் சொல்வது மெக்கானிக்கை. காணாது என்றால் போதாது. ஐந்து பாஸ் தோற்ற வண்டி என்றதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நட்புக்காகப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதிக்கு மேல் அந்தத் தலைக்கனத்துக்காகத்தான் போனேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

கல்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை ஏழு மணி. இரவு முழுக்க என் தோளில் தூங்கியவர் இறங்கும்போது, "கோவிக்காதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். நஸீர் வந்து நிற்பான் என்று பார்த்தால் ஆளில்லை. ஓர் ஆட்டோக்காரர் வந்து, "நஸீர் காக்கா அனுப்பின. ஏறுங்க" என்றார். அண்ணனைக் காக்கா என்று சொல்லும் ஊர் அது.

"அவர் வரலையா?" என்று கேட்டேன்.

"அவரு இப்ப பஸார் பக்கம் வாறல்ல. சனம் கூட" என்றார் ஆட்டோக்காரர்.

கூட்டமாம். கடல் தாண்டி வந்தவனை அழைக்க ஒரு கிலோமீட்டர் வர முடியவில்லையா என்று எனக்குக் கோபம். வழியெல்லாம் உம்மென்று இருந்தேன். கல்முனை எங்கே முடிகிறது, சாய்ந்தமருது எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைக்கு ஒட்டிக் கடை, மதிலுக்கு ஒட்டி மதில். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மாடு கட்டலாம். இங்கே பூனை நுழையத்தான் இடம்.

நஸீர் வாசலில் நின்றிருந்தான். ஆட்டோ நின்றும் அசையாமல் நின்றான். நான் "டேய்" என்றதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தான். கோபம் போய்விட்டது. அவன் மனைவி ஜெஸீமா இடியப்பமும் சொதியும் மாசிச் சம்பலும் வைத்தார். மாசி என்பது காய்ந்த சூரை மீன், கல் போலிருக்கும். அதை இடித்துத் தேங்காயோடு சேர்த்தால் ஐந்து இடியப்பம் போவது தெரியாது. எனக்குப் பால் டீ. அவனுக்கு மட்டும் சீனி போடாத வெறும் டீ.

"சீனி வருத்தம், மச்சான். அது ஒரு பக்கத்தால இருக்கு" என்றான். சர்க்கரை நோயைச் சொல்கிறான். நானும் அதை ஒரு பக்கமாகவே விட்டுவிட்டேன்.

சாப்பிட்ட கையோடு வண்டிக்குப் போனேன். ஜப்பான் வண்டி, நூற்றிருபத்தைந்து சிசி, கத்தாரின் முதல் வருஷச் சம்பளத்தில் அவன் வாங்கிப் போட்டது. டேங்கில் அவனே அடித்த சிவப்பு இன்னும் பளிச்சென்று இருந்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே கிடந்ததை வயர் என்பதைவிட ஊறுகாய் என்றால் பொருந்தும். ஐந்து பாஸும் ஆளுக்கொரு கலரில் டேப் சுற்றியிருந்தார்கள். ஒரு இடத்தில் டேப்புக்குப் பதில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. முறுக்கிவிட்ட இணைப்புகள் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன.

அந்தப் பச்சைதான் முதல் துப்பு. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது. அது உப்புத் தண்ணீர். வருஷக்கணக்காக அது சீட்டுக்கு அடியில் இறங்கி, வயர்களை வண்டியின் உடம்போடு சேர்க்கும் எர்த் போல்ட்டைத் தின்றிருக்கிறது. நாகப்பட்டினத்து மீன் வண்டிகளுக்கும் இதே நோய் உண்டு. எங்கள் ஆட்கள் பெட்டிக்கு அடியில் பழைய டியூபைக் கிழித்துக் கட்டிவிடுவார்கள். நஸீர் கட்டியிருக்கவில்லை.

அந்த வண்டியில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. என்ஜின் ஓடும்போது உள்ளேயிருக்கும் காயிலிலிருந்து வருகிறது. என்ஜின் நின்றால் லைட்டும் நின்றுவிடும். ஹார்ன் மட்டும்தான் பேட்டரியில் ஓடும். என்ஜினை முறுக்கி வைத்து அளந்தேன். காயிலில் பதின்மூன்று வோல்ட். பல்பில் ஒன்பது. நான்கு வோல்ட் வழியில் எங்கேயோ காணாமல் போகிறது. எங்கள் தொழிலில் இதைவிட இன்பமான கணக்கு கிடையாது. சாயங்காலத்துக்குள் எர்த் போல்ட்டைச் சுரண்டிப் புது வயர் கொடுத்து, பெட்டிக்கு அடியில் டியூபும் கட்டிவிட்டேன். பல்பில் பன்னிரண்டரை வோல்ட் வந்தது.

மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு நஸீர் ஏறி உட்கார்ந்து முறுக்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பரவால்ல மச்சான்" என்றான். "எண்டாலும் காணாது."

எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த நாள் விடிவதற்கு முன் இருவரும் கிளம்பினோம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. நேற்று நான்கு தடவை ஒரே உதையில் கிளம்பிய வண்டி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பொறியே இல்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்தபோது நஸீர் என் தோளைத் தட்டினான்.

"நீ போய் டீயைக் குடி. இது இப்படித்தான். கொஞ்சம் சுணங்கி வரும்."

நான் டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்தாய் என்றேன். ஒன்றும் செய்யவில்லை, தானாக வந்தது என்றான். இருக்கும் பழுதைக் கண்டுபிடிக்கலாம், இல்லாத பழுதையும் நிரூபித்துவிடலாம். வந்து வந்து போகும் பழுது மட்டும் ஆளைப் பைத்தியமாக்கிவிடும். நான் வழியெல்லாம் அதையே புலம்பிக்கொண்டு போனேன்.

கடற்கரையில் தோணிகள் வந்திருந்தன. கீரி மீனும் சூரையும் பாரையும் மணலில் குவிந்து கிடந்தன. எங்கள் துறைமுகத்தில் ஏலம் என்றால் சண்டை போலிருக்கும். இங்கே முணுமுணுவென்று முடிந்துவிடுகிறது. நஸீர் குனிந்து ஒவ்வொரு மீனின் செவுளுக்குள்ளும் விரலை விட்டான், வயிற்றை அமுக்கினான். "இது ஐஸ்ல கிடந்தது. அங்கால இருந்து போடு" என்றான். குவியலைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆஹா, எப்பேர்ப்பட்ட கைப்பக்குவம் என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

நற்பிட்டிமுனைச் சந்தியில் வண்டியை ஓரங்கட்டினான். ஏன் என்றேன். முதல் பஸ் வரட்டும் என்றான். நாவிதன்வெளிப் பக்கம் போகும் பஸ் வந்தது. அதன் பின்சிவப்பு விளக்குகளைப் பிடித்துக்கொண்டு, பத்தடி இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனான். லைட் சரியில்லாதவன் எவ்வளவு நிதானமாகப் போகிறான் என்று அதையும் மெச்சினேன். எல்லாவற்றையும் மெச்சினேன். எனக்குத்தான் கண் இல்லை.

வயல் பக்கம் போகக் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். தாம்போதி என்பது தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் தாழ்வான பாதை. மழைக்காலத்தில் வெள்ளம் அதன் மேலேயே ஓடும். அன்று வெள்ளம் இல்லை. பஸ் வேகம் எடுத்துப் போய்விட்டது. வானம் லேசாக வெளுத்திருந்தது. பாதை நடுவே ஒரு எருமை நின்றது. அவன் பிரேக் போடுவான் என்று காத்திருந்தேன். போடவில்லை. "எருமைடா!" என்று நான் கத்தியபோது அது இரண்டு ஆள் தூரத்தில் இருந்தது. அவன் ஒடித்தான், வண்டி சறுக்கியது, நாங்கள் ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமும் விழுந்தோம். கீரி மீன் பாதை முழுக்க வெள்ளியாகச் சிதறியது.

எங்களுக்குப் பின்னால் களை பிடுங்கப் போகும் பெண்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். ஓடி வந்து மீனைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுத் தந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "இவ்வளவு பெரிய சாமான் தெரியல்லையா காக்கா?" என்று கேட்டாள். அவள் குரலில் கேலி இல்லை.

"லைட் காணாது புள்ள" என்றான் நஸீர்.

என் முழங்கையில் ரத்தம் வந்ததைவிட அந்தப் பதில்தான் எனக்கு எரிந்தது. அது நான் செய்த லைட்.

நாவிதன்வெளியில் ஹார்ன் அடித்தான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்தப் பக்கம் ஒவ்வொரு மீன்காரருக்கும் ஒரு ஹார்ன் கணக்கு உண்டு. வீட்டுக்குள்ளிருந்தே யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார்கள். பெண்கள் சட்டியோடு வந்து, அவர்களே பெட்டியில் கைவிட்டு எடுத்து, "ரெண்டு பாரை எடுத்திருக்கன் காக்கா", "எனக்கு ஒரு கிலோ கீரி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் இப்படி விட்டால் பெட்டியே மிஞ்சாது என்று அவனிடம் சொன்னேன். சிரித்தான். ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வந்து அவன் தெருவில் நுழைந்ததும் மறுபடி அதே ஹார்ன். மதில்களிலிருந்து ஏழெட்டுப் பூனைகள் குதித்து வந்தன. மீந்த மீன் தலைகளை அவன் வாரி இறைத்தான். அன்றைக்கு அவன் முகம் தெளிந்து நான் பார்த்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, அவனுக்கு வியாபாரம் இல்லை. இனி ஒட்டுப்போடும் வேலை வேண்டாம், அடியோடு மாற்றிவிடுகிறேன் என்று கல்முனை பஸாருக்குப் போய்ப் புது வயரும் பேட்டரியும் ஹெட்லைட் கண்ணாடியும் பல்பும் வாங்கினேன். கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இந்தியாவில் மழை எப்படி?" என்று விசாரித்துவிட்டுத்தான் சாமானையே எடுத்தார். வீட்டுக்கு வந்து முன்னிருந்து பின்வரை எல்லா வயரையும் உருவிப் போட்டுப் புதிதாக இழுத்தேன்.

சீட்டுக்கு அடியில் வயரோடு வயரைச் சேர்க்கும் ஒரு சின்ன பிளக் இருந்தது. பொறிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கறுப்பு வயர் அதன் வழியாகத்தான் போகிறது. வண்டி முழுக்கப் பச்சை பூத்திருக்க, அந்த பிளக்கின் உள்பக்கம் மட்டும் பித்தளை பளபளத்தது. அடிக்கடி கழற்றி மாட்டினால்தான் அப்படித் தேயும். அதை நான் பார்த்தேன். பார்த்தும் புத்தி வேறு பக்கம் ஓடியது: பிளக் லூஸாகியிருக்கிறது, காலைக் குளிரில் விட்டுப்போகிறது, அதனால்தான் வண்டி சண்டித்தனம் செய்கிறது. ஆள் அகப்பட்டுவிட்டான் என்று குதித்தேன். பிளக்கையே வெட்டி எறிந்துவிட்டு, வயரோடு வயரை நேராகச் சால்டர் பண்ணினேன். இனி இந்த வண்டி நிற்கவே நிற்காது என்று ஜெஸீமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். 

மஃரிப் முடிந்து இருட்டியதும் வண்டியை மதிலைப் பார்த்து நிறுத்தினேன். நஸீரை முன்னால், மதிலோரம், நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஒரு உதை. கிளம்பியது. முறுக்கினேன். முற்றம் முழுக்கப் பகலானது. மதிலில் ஊர்ந்த எறும்புகூடத் தெரிந்தது. குசினி வாசலில் நின்ற ஜெஸீமா, "அல்லாஹ்!" என்று முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நஸீர் நேராக அந்த லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கவில்லை. கண்ணைச் சுருக்கவும் இல்லை.

"இன்னும் மங்கல்தான் மச்சான்" என்றான்.

நான் முறுக்கிய கையை விட மறந்து நின்றேன். அந்த லைட்டுக்கும் அவனுக்கும் நடுவே அளக்க வேண்டிய இடம் ஒன்றுதான் பாக்கி. அதை அளக்க என்னிடம் மீட்டர் இல்லை. பஸார் பக்கம் வராதது, செவுளுக்குள் விட்ட விரல், பஸ்ஸின் சிவப்பு விளக்கு, தாங்களே மீனை எடுத்துக்கொண்ட பெண்கள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து என் மேல் விழுந்தது. வெள்ளையில் எந்த வெள்ளை என்று கேட்டவன்.

"பல்பு கம்பெனி சரியில்லை" என்றேன். வேறென்ன சொல்ல.

"அது போகட்டும்" என்றான் அவன். "இனி நிக்காது தானே? நாளைக்குப் பஸ்ஸப் பாத்து நிக்கத் தேவல்ல. நேரத்தோட போய் நல்ல மீன் எடுக்கலாம். பாதை எனக்குக் கைப்பாடம்."

அவன் இஷாத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனதும் ஜெஸீமா முற்றத்துக்கு வந்தார். வண்டியின் பக்கத்தில் குந்தி, சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார்.

"அந்தப் பிளக் எங்க, செல்வம் காக்கா?"

சொன்னேன்.

"நான்தான் கழட்டிவிடுற" என்றார். "ஒரு பாஸ் வேல செய்யக்குள்ள அதைக் கழட்டினதும் என்ஜின் நிண்டத்தப் பாத்திருந்தன். ஒவ்வொரு நாளும் அவரு விடியச் சுபஹுத் தொழப் போனதும் கழட்டிருவன். அவரு வந்து உதைச்சி, வேர்த்து, தேடிக் கொழுவ அரை மணித்தியாலம் போகும். அதுக்குள்ள விடிஞ்சிரும். விடிஞ்சா கொஞ்சமாவது தெரியும்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"சீனியால கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிட்டாம். லேசர் அடிச்ச. இனிச் செய்ய ஒண்டும் இல்ல, மோட்டசைக்கிள் தொடவே கூடாதெண்டு சொன்ன. வெளிய வந்து அவரு சொன்னாரு, லைட்டத்தான் மாத்தணும் எண்டு. அதுக்குப் பிறகு நாங்க அதைப் பத்திக் கதைச்சதில்ல." அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அவர்ட மூஞ்சிக்கு நேர நிண்டு எப்படிக் காக்கா சொல்ற? நீங்க வாறீங்க எண்டதும் நீங்களாவது சொல்லுவீங்க எண்டு நினைச்சன். நீங்க வந்து வண்டியச் செஞ்சிட்டீங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கர்வத்தோடு கடல் கடந்து போய், ஒரு பெண் தன் புருஷனைக் காப்பாற்ற வைத்திருந்த ஒரே ஒரு வழியை வெட்டி எறிந்திருக்கிறேன். சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். அவன் கத்தார்க் கதைகள் பேசிக்கொண்டே தன் தட்டிலிருந்த மீன் துண்டை விரலால் தேடி எடுத்து எனக்கு வைத்தான். என்னால் முடியவில்லை.

நான்காம் நாள், சுபஹு பாங்கு கேட்டதும் நஸீர் பள்ளிவாசலுக்குக் கிளம்பினான். இடது கையால் மதிலைத் தொட்டுக்கொண்டே நடப்பதை அன்றுதான் கவனித்தேன். அவன் தெரு முனை திரும்பியதும் நான் பக்க மூடியைக் கழற்றினேன். தாம்போதியில் வரிசையாக நடந்து வந்த அந்தப் பெண்கள் மனதில் இருந்தார்கள். எருமை நின்ற இடத்தில் அவர்களில் ஒருத்தி நின்றிருந்தால்?

முப்பது வருஷமாகப் பழுது பார்த்திருக்கிறேன். ஒரு பழுதை உண்டாக்கியது அன்றுதான். நேற்று நான் சால்டர் பண்ணிய கறுப்பு வயரை அதே இடத்தில் வெட்டினேன். கை பழக்கம் விடவில்லை. வெட்டிய இரண்டு முனையிலும் டேப்பைப் பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றி, கடைசிச் சுற்றை இழுக்காமல் ஒட்டி, கட்டை விரலால் அழுத்திவிட்டேன். மூடியை மாட்டிவிட்டு, டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். 

நஸீர் வந்தான். பெட்டியைக் கட்டினான். சாவியைப் போட்டு உதைத்தான். இன்னொரு உதை. பத்து உதை. கிழக்கே வானம் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. ஜெஸீமா குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கத் தெம்பில்லை.

அவன் இறங்கிக் குந்தினான். மூடியைத் தானே கழற்றினான். விரல்கள் நேராக அந்த இடத்துக்குப் போயின. வழி தெரிந்த விரல்கள். அங்கே நின்றன. வயரின் முனையைப் பிடித்து, டேப்பின் மேலே மெதுவாக ஒரு தடவை தடவினான்.

"ஜெஸீமா கழட்டினா வயர் சும்மா தொங்கும், மச்சான்" என்றான். "நான் தடவிப் பாத்துக் கொழுவிருவன். இவ்வளவு காலமும் அப்படித்தான் போச்சு. இது டேப் சுத்திக் கிடக்கு."

ஜெஸீமா உள்ளே போய்விட்டார். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர் கழற்றுவதும், ஏன் கழற்றுகிறார் என்பதும். ஒவ்வொரு நாளும் அவர் கழற்ற, இவன் மாட்ட, இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் டீ குடித்திருக்கிறார்கள்.

"நஸீர்..." என்றேன்.  எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்குத் தெரியக்கூடாது என்று வாயைப் பொத்தினேன். பிறகு, அவனுக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து இன்னும் அழுதேன்.

"அஞ்சு பாஸும் லைட் செரி, லைட் செரி எண்டுதான் சொன்னானுகள்" என்றான். "நான் நம்பல்ல. நீ ஒரு ஆள்தான் மிச்சம் இருந்தாய். நீ வந்து செஞ்சும் காணாது எண்டா, அது லைட் இல்ல எண்டு வெச்சிருந்தன்."

மூடியைத் திரும்ப மாட்டினான். அது சரியாகப் பொருந்தும்வரை இரண்டு தடவை தட்டினான்.

"இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் போய்ச் சொல்லிட்டு வரலாம் எண்டு பாத்தன். அங்க பொம்புளயள் ஹார்ன் கேக்கும் எண்டு இருப்பாங்க."

"ஆட்டோவில் போய்ச் சொல்லிட்டு வரலாம், நான் கூட வர்றேன்" என்றேன்.

"ஓம்" என்றான். வண்டியை விட்டு நகரவில்லை. ஏறி உட்கார்ந்தான். இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, நான் மாட்டிய புது ஹெட்லைட் இருக்கும் திசையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கட்டை விரலால் ஹார்னை அமுக்கினான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பேட்டரி புதுசு, தெருவே அதிர்ந்தது.

மதில்களிலிருந்து பூனைகள் ஒவ்வொன்றாகக் குதித்து வந்து வண்டியைச் சுற்றி உட்கார்ந்தன. அவற்றின் சத்தம் கேட்டதும் நஸீர் இறங்கி, பின்பக்கம் வந்து, கழுவி வைத்த வெறும் பெட்டிக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினான்.